விளைவும் நோக்கமும்: செங்கை மண்ணில் துன்பத்தின் இறையியல்

இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்பார் ஒருவர். "கர்த்தர் தமக்குப் பிரியமானவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்" என்பார் அடுத்தவர். "இதுலயும் ஒரு நோக்கம் இருக்கும்மா" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எல்லாவற்றுக்கும் தலையசைப்பாள். சொல்பவர் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தச் சொற்கள் அவளைத் தாங்கினவா, அவள்மேல் இன்னொரு சுமையாக ஏறினவா என்று யாரும் விசாரிப்பதில்லை.

கடவுளின் நோக்கத்தை நம்புவது ஒன்று. அந்த நோக்கம் இன்னதென்று அறிந்தவர்போல் அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வது இன்னொன்று. முன்னது விசுவாசம். பின்னது பல வேளைகளில் விசுவாசத்தின் வேடம் போட்ட அவசரம். இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள வேறெங்கும் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியும், மாமல்லபுரத்துக் கடலோரமும் போதும். ஒன்று நூற்றாண்டுகளாக மெல்ல மெல்லத் தின்ற துன்பம். மற்றது ஒரு காலைப்பொழுதில் வாரிச் சுருட்டிய துன்பம்.

வேதம் கண்டிக்கும் விளக்கம்

துன்பத்துக்குக் காரணம் சொல்லும் ஆசையை விவிலியம் நன்கு அறியும். யோபின் கதையில் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். அவனை அடையாளம் தெரியாமல் அழுது, ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நூல் முழுவதிலும் அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு அவர்கள் பேசியதெல்லாம் கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டு பேசியது. நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள், மறைவாக ஏதோ இருக்கும் என்று அதிகாரம் அதிகாரமாக நீளும் அந்த வாதம். நூலின் முடிவில் கடவுள் கோபிப்பது, தம்மிடம் மல்லுக்கு நின்ற யோபின்மேல் அல்ல; தமக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் அதே கேள்வியைச் சீடர்கள் கேட்கிறார்கள். பிறவிக் குருடன் ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்பது அவர்களுக்குப் பாடத்துக்கான ஐயம். இயேசு அந்த இரண்டு விடைகளையும் தள்ளிவிடுகிறார். கடவுளின் செயல் இவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்கிறார். சொன்ன கையோடு தரையில் குனிந்து சேறு குழைக்கிறார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி வருகிறது. செத்தவர்கள் மற்ற எருசலேமியரைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, அல்ல என்று அவரே மறுக்கிறார். விபத்தைத் தீர்ப்பாக வாசிக்கும் வழக்கத்துக்கு அங்கே முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. நாம்தான் அதைக் காற்புள்ளியாக்கித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

யோசேப்பின் வரலாறு இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அண்ணன்மார் செய்த தீமையைக் கடவுள் நன்மையாக முடியப்பண்ணினார் என்று யோசேப்பு சொல்லத்தான் செய்கிறார். ஆனால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவரே சொன்னார், அடிமை வாழ்வும் சிறையும் பஞ்சமும் கடந்து, தகப்பனையும் அடக்கம் செய்த பிறகு சொன்னார், தமக்குத் தீங்கு செய்தவர்களின் அச்சத்தைப் போக்குவதற்காகச் சொன்னார். யோசேப்பு குழிக்குள் கிடந்தபோது ஒருவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "கவலைப்படாதே தம்பி, எகிப்தில் பெரிய பதவி காத்திருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அது ஆறுதலாக இருந்திருக்காது. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கயிறு.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

தொழுநோயைப்போல் விளக்கங்களால் வதைக்கப்பட்ட நோய் வேறொன்றில்லை. நம் ஊர்களில் அது முற்பிறவி வினை என்றார்கள். கிறிஸ்தவப் பிரசங்க மேடை அதைவிட மேலாக நடந்துகொண்டது என்று சொல்வதற்கில்லை. மிரியாமும் கேயாசியும் உசியா அரசனும் தண்டனையாக இந்நோயைப் பெற்ற பகுதிகளை எடுத்து, பாவத்தின் உருவகமாகவே தொழுநோயை நிறுத்தினார்கள். இயேசு தொழுநோயாளியைத் தொட்டார் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதியிருப்பது ஏனோ அவ்வளவு உரக்கப் படிக்கப்படவில்லை. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இது ஒரு நுண்ணுயிரியால் வருவது என்று கண்டுபிடித்தார். அதன் பிறகும் 1898இல் இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் வந்தது. அது நோயாளியை அடைத்துவைக்கவே வழிசெய்தது. அந்தச் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது 2016இல்தான். மணமுறிவுக்குத் தொழுநோயைக் காரணம் காட்டலாம் என்ற விதி நீங்கியது 2019இல்.

இந்தப் பின்னணியில்தான் திருமணியைப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் பணியோடு 1920களில் வளர்ந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை அங்கே இருந்தது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1930களின் நடுவிலிருந்து அந்த மருத்துவமனையை நடத்தியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தோல் மருத்துவர், சீனாவில் பணியாற்றிய மருத்துவ மிஷனரியின் மகன். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். சல்ஃபோன் மருந்துகளை இந்தியாவில் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர்.

1947இல் காக்ரேனின் அழைப்பில், வேலூருக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இளம் அறுவை மருத்துவர் திருமணியைச் சுற்றிப் பார்க்க வந்தார். பெயர் பால் பிராண்ட். தோலைப் பற்றியும் தேமலைப் பற்றியும் காக்ரேன் விளக்கிக்கொண்டே போக, பிராண்டின் கண் நோயாளிகளின் கைகளிலேயே நின்றது. ஓர் இளைஞர் தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் கொக்கிபோல் மடங்கியிருந்தன. கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வாரைச் செருகி இழுக்க இழுக்க அது நழுவிக்கொண்டே இருந்தது. பிராண்ட் அவர் அருகே போய், தம் கையை அந்த மடங்கிய கைக்குள் வைத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். செயலற்ற கை, பிடியே இருக்காது என்று நினைத்திருந்தவருக்கு அந்தப் பிடி உயிர் போகும்படி வலித்தது.

அந்த வலிதான் கண்டுபிடிப்பு. கை முழுவதும் செத்துப்போகவில்லை. முன்கைத் தசைகளில் பல முழு வலுவோடு இருக்கின்றன. நரம்பு கெட்ட சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன. அப்படியானால் வலுவுள்ள தசையின் தசைநாரை எடுத்து, செயலிழந்த இடத்தில் இணைத்து, விரலை நிமிர்த்த முடியும். இவ்வளவு நோயாளிகள் உள்ள நோயில், ஊனமுற்ற கைகளை ஆராய்ந்த எலும்பு மருத்துவர் யாரும் அதுவரை இல்லை என்பதைக் கேட்டு பிராண்ட் திகைத்தார். அடுத்த ஆண்டே வேலூரில் அறுவைச் சிகிச்சை தொடங்கியது. பிறகு வேலூரை அடுத்த கரிகிரியில் அந்தப் பணி வேரூன்றியது, உலகெங்கும் பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு முன் பல நூறு ஆண்டுகளாக அந்தக் கைகளைப் பற்றி எல்லாரும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சாபம் என்றார்கள், வினை என்றார்கள், தேவ தண்டனை என்றார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிறைவே கையை நீட்டவிடாமல் தடுத்துவிட்டது.

வலி எனும் காவல்

பிராண்டின் அடுத்த கண்டறிதல் இறையியலுக்கு இன்னும் நெருக்கமானது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதாக மக்கள் நம்பினார்கள்; மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். உணர்ச்சியற்ற கையால் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கியது, துருப்பிடித்த பூட்டில் சாவியை எலும்பு தெரியுமளவு திருகியது, ஆணி குத்திய காலோடு நாள் முழுக்க நடந்தது என்று ஒவ்வொன்றும் வெளிவந்தது. சிலருக்கு இரவில் விரல் குறைந்திருந்தது; காவல் இருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது, தூங்குபவருக்குத் தெரியவில்லை. நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்தார்கள். விரலைத் தின்றது நோய் அல்ல, வலியின்மை.

வலி தண்டனை அல்ல, காவல். உடலைப் படைத்தவர் அதன் நன்மைக்காகவே வைத்த ஏற்பாடு. இந்த முடிவை பிராண்ட் வாழ்நாள் முழுவதும் எழுதினார். எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட நூலில், வலியை யாரும் விரும்பாத ஒரு கொடை என்றே குறித்தார். துன்பத்தில் நோக்கம் உண்டா என்ற கேள்விக்குச் செங்கல்பட்டில் தொடங்கிய மருத்துவம் தந்த விடைகளில் இது உறுதியானது.

ஆனாலும் இந்த விடைக்கு எல்லை உண்டு. சுடும் பாத்திரத்திலிருந்து கையை எடுக்கச் செய்யும் வலிக்கு நோக்கம் தெரிகிறது. புற்றுநோயின் கடைசி வாரத்து வலி எதிலிருந்து எதைக் காக்கிறது? குழந்தையின் சாவு யாருக்கு எச்சரிக்கை? ஒரு வகைத் துன்பத்துக்குப் பொருந்திய விடையை எல்லாத் துன்பத்தின்மேலும் போர்த்துவது, யோபின் நண்பர்கள் செய்த வேலையையே நயமாகச் செய்வதாகும்.

தந்திக்குப் பின் வந்த கடிதம்

பிராண்டின் சொந்த வாழ்க்கை இந்த எல்லையைக் காட்டுகிறது. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே கொடுங்காய்ச்சலில் இறந்தார். பதினான்கு வயதுப் பையனுக்கு லண்டனில் தந்தி வந்தது. கடல் தபால் மெதுவாக வரும் காலம். தந்தி வந்த பிறகு தந்தை முன்பே எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அந்த மலையின் அழகைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் உயிரோடு பேசும் கடிதம், எழுதியவர் அடக்கமான பின்பு.

பள்ளி முடித்த பிராண்ட் மருத்துவத்தை விரும்பவில்லை. தந்தையின் வழியில் கட்டட வேலையும் தச்சும் கற்றார். பிறகே மனம் மாறி மருத்துவம் படித்தார். லண்டனில் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களுக்கு நடுவே அறுவை மருத்துவம் பழகினார். பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் கோத்துக்கொள்கின்றன. மலையில் பிறந்தது, மரவேலை பழகிய விரல், போர்க்காலக் காயங்கள், காக்ரேனின் அழைப்பு என ஒவ்வொன்றும் திருமணியின் அந்தக் கைகுலுக்கலை நோக்கி நடந்ததாகத் தோன்றும். அவரே தம் வாழ்க்கையை அப்படி வாசித்தார். வாசிக்க அவருக்கு உரிமை உண்டு.

ஆனால் ஜெஸ்ஸி இறந்ததற்குக் காரணம் மகன் பெரிய மருத்துவர் ஆகத்தான் என்று யாரும் அந்த விதவையிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? எவ்லின் பிராண்ட் விளக்கம் தேடி உட்காரவில்லை. திரும்ப மலைக்குத்தான் போனார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைமக்களோடு தங்கி, நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டு, 95 வயதில் 1974இல் இறந்தார். கணவரின் சாவின் நோக்கத்தை அறிந்ததனால் அவர் திரும்பவில்லை. மலையில் வேலை மிச்சம் இருந்ததனால் திரும்பினார். நோக்கத்தை நம்புதல் என்பதன் நடைமுறைப் பொருளை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கடல் உள்வாங்கிய காலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.29 மணியளவில் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து அலைகள் நம் கரையை அடைந்தன. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது அதுவரை யாரும் காணாத பாறைகள் தெரிந்தன. தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று குப்பங்களெல்லாம் படகும் வலையும் இழந்தன. கல்பாக்கம் நகரியத்திலும் உயிர்கள் போயின. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

ஐரோப்பாவுக்கும் இப்படியொரு நாள் இருந்தது. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். லிஸ்பன் நகரத்து ஆலயங்கள் வழிபாட்டு வேளையில் மக்கள்மேல் இடிந்தன. தப்பித் துறைமுகத்துக்கு ஓடியவர்களைக் கடல் கொண்டது. இருக்கக்கூடிய உலகங்களுள் சிறந்தது இதுவே என்று 1710இல் எழுதியிருந்த ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸை, பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதன்பின் எள்ளி எழுதியது ஐரோப்பியச் சிந்தனையை மாற்றியது. வால்டேர் கேட்ட கேள்வியை நம் கடலோரப் பெண்கள் எந்தத் தத்துவமும் படிக்காமல் கேட்டார்கள். 'பண்டிகைக்கு மறுநாளா?'

நம்மிடையே அப்போது புறப்பட்ட விளக்கங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பாவத்துக்குத் தண்டனை என்றார்கள் சிலர். சாந்தோமில் இயேசுவின் சீடர் தோமாவின் பெயரால் நிற்கும் மரத்தூணைத் தாண்டி அலை வரவில்லை என்ற செய்தி புதுமையாகப் பரவியது. தப்பியவர் நன்றி சொல்வது நியாயம். ஆனால் சாந்தோமைக் காத்தவர் வேளாங்கண்ணிக் கரையில் நூற்றுக்கணக்கான திருப்பயணிகளை ஏன் விட்டார் என்ற கேள்வி அந்தப் பெருமையின் வாசலிலேயே நிற்கிறது. என் வீட்டைக் காத்தார் என்று நான் பெருமை பேசும்போது, அடுத்த வீட்டைக் கைவிட்டார் என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மாமல்லபுரக் கரையே இதற்கு நல்ல பாடம். சாலவான்குப்பத்தில் அலை மணலை அரித்த இடத்தில் பாறைக் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து 2005இல் அகழ்ந்தபோது முருகன் கோயில் ஒன்றும், அதன் அடியில் இன்னும் பழைய செங்கல் கட்டுமானமும் கிடைத்தன. தொல்லியலுக்குப் பெரும் பேறு. ஆனால் கோயிலைக் காட்டித் தரவே சுனாமி வந்தது என்று பிள்ளையை இழந்த மீனவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தீமையிலிருந்து நன்மை விளைந்தது என்பதனால், அந்த நன்மைக்காகவே தீமை நிகழ்ந்தது என்று ஆகாது. விளைவு வேறு, நோக்கம் வேறு. தொல்லியலில் நமக்கு இது எளிதாகப் புரிகிறது. சொந்தச் சபையின் சாட்சி நேரத்தில் மறந்துவிடுகிறது.

உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் பவுல் அடிகள் தரும் உறுதியையும் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும். நடப்பதெல்லாம் நல்லது என்று அவர் சொல்லவில்லை. எந்தக் கேட்டுக்கு நடுவிலும் கடவுள் நன்மையை நோக்கிச் செயல்படுவதை நிறுத்துவதில்லை என்கிறார். அதே அதிகாரத்தில் படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்றும் எழுதியவர் அவர். துன்பம் உண்மை என்று ஒப்புக்கொண்ட பிறகே நம்பிக்கையைப் பேசுகிறார்.

அந்தக் காலையில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நில அதிர்வுக்கும் அலைக்கும் இடையே இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்ல ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் பல்லாயிரம் பேர் மேட்டுக்கு ஓடியிருக்கலாம். 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்திரா அருகே மீண்டும் பேரதிர்வு நிகழ்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோர மக்கள் வெளியேறினார்கள். ஆகவே ஆண்டவர் ஏன் அனுமதித்தார் என்று கேட்பதற்கு முன், நாம் ஏன் ஆயத்தமாயிருக்கவில்லை என்று கேட்க வேண்டிய துன்பங்கள் உண்டு. மனிதர் செய்யத் தவறியதைத் தேவ சித்தம் என்று எழுதிவைப்பது பக்தி ஆகாது.

கடவுள் அன்று எங்கே இருந்தார் என்பதற்கும் கரையே சில அடையாளங்களைத் தந்தது. பரங்கிப்பேட்டையில் ஜமாத்தார் இந்து மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஊர் ஊராகக் கோயிலும் ஆலயமும் பள்ளிவாசலும் தங்கும் இடமாயின. விளக்கம் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. சோறு வடிக்க வேண்டியிருந்தது.

தழும்புகள்

தோமா இரத்தசாட்சியாக இறந்ததாக மரபு சொல்லும் பரங்கிமலை, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. உயிர்த்தவரைக் காட்ட வேண்டும் என்றல்ல, அவருடைய காயத்தைத் தொட வேண்டும் என்று கேட்டவர் தோமா. உயிர்ப்பு அந்தத் தழும்புகளை அழித்துவிடவில்லை என்பது கிறிஸ்தவம் துன்பத்தைப் பற்றிச் சொல்லும் ஆழமான செய்தி. சிலுவையில் ஏன் கைவிட்டீர் என்று கதறிய மகனுக்கு அந்த நேரத்தில் விளக்கம் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாளில் வந்ததும் விளக்கம் அல்ல, உயிர். நாம் நம்புவது அந்த வரிசையைத்தான்.

ஆகவே இதை வாசிக்கும் சபையாருக்கும் ஆயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இழவு வீட்டில் நோக்கம் பேசுவதை நிறுத்துவோம். அதைப் பேச வேண்டியவர் அந்த வீட்டுக்காரர், அவர் விரும்பும் நாளில். இனித் தொழுநோயைப் பாவத்துக்கு உவமையாக எந்தப் பிரசங்கத்திலும் சொல்ல வேண்டாம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுத் தேமலை மறைப்பவர் நம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். தொடக்கத்திலேயே வந்தால் ஊனமின்றி முழுமையாகக் குணமாகும். தனியாகப் போகத் தயங்குபவரோடு கூடப் போங்கள்.